ஆன்டீட்டம் போர்க்களத்தில் குடும்பத்தோடு ஒரு நடை: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டன் நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 70 மைல் தொலைவில், ஷார்ப்ஸ்பர்க் என்னும் சிற்றூரை ஒட்டி ஆன்டீட்டம் தேசியப் போர்க்களம் அமைந்துள்ளது. 1862 செப்டம்பர் 17 அன்று விடியற்காலையிலிருந்து பொழுது சாயும் வரை உள்நாட்டுப் போரின் வடக்குப் படையும் தெற்குப் படையும் இங்கே மோதின. கொல்லப்பட்டோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர், காணாமற்போனோர் என இரு தரப்பிலும் சேர்த்து அந்த ஒரு நாளின் இழப்பு ஏறத்தாழ 23,000 பேர். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை பேர் வீழ்ந்த போர் வேறொன்றில்லை.

இங்கு வரும் குடும்பங்களில் பல, எட்டரை மைல் நீளமுள்ள சுற்றுச்சாலையில் காரை ஓட்டிச் சென்று, பதினொரு நிறுத்தங்களிலும் இறங்கி ஏறி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. அப்படிப் பார்ப்பவர்களுக்கு இந்த இடம் புல்வெளியும் பீரங்கியும் கல்தூண்களுமாக மட்டுமே தெரியும். இந்தப் போர் ஏன் இப்படி நடந்தது என்பதற்கான விடை நிலத்தின் மேடு பள்ளங்களில் இருக்கிறது. அந்த மேடு பள்ளங்கள் காலுக்குத் தெரியும் அளவுக்குக் கார் கண்ணாடி வழியே தெரிவதில்லை. ஆறு வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் நடக்கக்கூடிய இரண்டு சிறு நடைத்தடங்களைக் கொண்டு ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

எந்தத் தடங்கள், எந்த வரிசையில்

போர்க்களத்தில் குறியிடப்பட்ட நடைத்தடங்கள் பல உள்ளன. பெரும்பாலானவை ஒன்று முதல் இரண்டு மைலுக்குள் முடிந்துவிடுகின்றன. முதன்முறை செல்லும் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது காலையில் பிளடி லேன் தடம், பிற்பகலில் பர்ன்சைட் பாலம் ஆகிய இரண்டையே. பிளடி லேன் தடம் ஏறத்தாழ 1.6 மைல், அதாவது இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பாலத்தருகே குழந்தைகளுக்கு இன்னும் தெம்பு இருந்தால் ஓடைக்கரையோரமாகச் செல்லும் 1.8 மைல் ஸ்னேவ்லி ஃபோர்டு தடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. போர் மூன்று கட்டங்களாக, வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நகர்ந்தது. காலையில் வடக்கே மில்லர் குடும்பத்தின் சோளக்கொல்லையிலும் அதை அடுத்த காடுகளிலும், முற்பகலில் நடுவே தாழ்ந்து கிடந்த, இன்று பிளடி லேன் (குருதிப் பாதை) எனப்படும் வண்டிப்பாதையிலும், பிற்பகலில் தெற்கே கல்பாலத்திலும் சண்டை நடந்தது. பொழுதின் போக்கிலேயே நீங்களும் தெற்கு நோக்கி நகர்ந்தால், குழந்தைகளுக்குக் கதை தானாகவே வரிசைப்படும். மாறாக, கார் நிறுத்த இடம் கிடைத்த வசதிப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்தால் பெரியவர்களுக்கே குழப்பம் மிஞ்சும்.

வீட்டிலிருந்து புறப்படும் முன்

குழந்தைகளிடம் முந்தைய நாள் இரவே பின்னணியைச் சொல்லிவிடுவது நல்லது. நீண்ட பாடம் வேண்டியதில்லை. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பிய தென் மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்து போயின. பிரிவை ஏற்காத வட மாநிலங்களுக்கும் அவற்றுக்கும் 1861இல் போர் மூண்டது. 1862 செப்டம்பரில் தெற்குப் படைத்தலைவர் ராபர்ட் லீ, பொட்டோமேக் ஆற்றைக் கடந்து வடக்குக்குள் புகுந்தார். அவரைத் தடுக்க ஜார்ஜ் மெக்லெலன் தலைமையில் ஒரு பெரும்படை வந்தது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குச் சுருட்டுக் கதையையும் சொல்லலாம். போருக்கு நான்கு நாள் முன்னர், செப்டம்பர் 13 அன்று, ஃபிரெடரிக் நகருக்கு அருகே தெற்குப் படை முன்பு தங்கியிருந்த ஒரு வயலில், மூன்று சுருட்டுகளைச் சுற்றியிருந்த ஒரு தாளை இண்டியானா மாநில வீரர்கள் கண்டெடுத்தனர். லீ தம் படையைப் பல கூறுகளாகப் பிரித்து எந்தெந்த ஊருக்கு அனுப்பியிருந்தார் என்ற ஆணை அந்தத் தாளில் இருந்தது. எதிரியின் திட்டம் முழுவதும் கைக்கு வந்தபோதிலும் மெக்லெலன் வேகமாக நகரவில்லை. அந்தத் தயக்கத்தின் விளைவை, பிற்பகலில் பாலத்தருகே நிற்கும்போது மீண்டும் காண்பீர்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை ஏப்ரல், மே, அக்டோபர் ஆகிய மாதங்கள் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் புழுக்கமும் கடுமையாக இருக்கும். பிளடி லேன் தடத்தில் நிழல் மிகக் குறைவு. கோடையில்தான் போக முடியுமென்றால் காலை ஒன்பது மணிக்கே நடக்கத் தொடங்கிவிடுங்கள். இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்தால் திறந்த வெளியில் நிற்காமல் காருக்குத் திரும்பிவிட வேண்டும். மரத்தடியில் ஒதுங்குவதோ, பார்வைக் கோபுரத்தில் ஏறி நிற்பதோ கூடாது.

உடை விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று, முழுக்கால் சட்டையும் காலுறையும். மேரிலாந்தின் புல்வெளிகளில் மான் உண்ணிகள் உண்டு, அவற்றால் லைம் நோய் பரவுகிறது. வெளிர்நிற உடையில் உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரியும். காலுறைக்குள் கால்சட்டையின் முனையைச் செருகிக்கொண்டு, பூச்சி விரட்டியையும் பூசிக்கொள்ளுங்கள். தடத்தின் ஓரங்களில், குறிப்பாக ஓடைக்கரையில், மூன்று மூன்று இலைகளாக வளரும் பாய்சன் ஐவி என்ற கொடி இருக்கும். தொட்டால் தோல் தடித்துக் கொப்பளிக்கும். மூன்றிலைக் கொடி எதையும் தொடக் கூடாது என்று குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

தண்ணீரை ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்லுங்கள், நடைத்தடங்களில் குடிநீர் கிடையாது. மதிய உணவையும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது உத்தமம். புளிசாதம், தயிர்சாதம், பொடி தடவிய இட்லி ஆகியவை ஆறினாலும் உண்ணத் தக்கவை என்பதால் இத்தகைய நாளுக்கு மிகவும் ஏற்றவை. கைக்குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி இங்கே உதவாது. தடங்கள் புல்லும் சரளையும் மேடும் பள்ளமுமாக இருப்பதால், முதுகில் அல்லது மார்பில் சுமக்கும் பையே சரி. நெடுந்தூரம் நடக்க முடியாத பெரியவர்கள் உடன் வந்தால், அவர்களைக் காரிலேயே பிளடி லேன் கோபுரத்தருகே உள்ள நிறுத்தத்துக்கு அழைத்துச் சென்று, நடந்து வருவோரை அங்கே சந்திக்கச் செய்யலாம்.

வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியவை

70ஆம் எண் நெடுஞ்சாலையில் 29ஆம் வெளியேற்றத்தில் இறங்கி, மேரிலாந்து 65ஆம் எண் சாலையில் தெற்கே ஏறத்தாழ பத்து மைல் சென்றால், ஷார்ப்ஸ்பர்க் ஊருக்குச் சற்று முன்பாக இடப்புறம் பார்வையாளர் மையம் வரும். நுழைவுக் கட்டணம் உண்டு. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அனுமதி அட்டை வைத்திருப்போர் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், அந்த வகுப்பினருக்கென்றே வழங்கப்படும் இலவச அனுமதிச் சீட்டுத் திட்டத்தைப் பற்றி முன்கூட்டியே பூங்காத் துறையின் இணையதளத்தில் பாருங்கள். கட்டணமும் மையம் திறந்திருக்கும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் அவற்றையும் புறப்படும் முன் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மையத்தில் மூன்று வேலைகள் உள்ளன. அச்சிட்ட வரைபடத்தை வாங்குங்கள். குழந்தைகளுக்கான ஜூனியர் ரேஞ்சர் (சிறுவர் பூங்காக் காவலர்) பயிற்சி நூலைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள வினாக்களுக்கு நாள் முடிவதற்குள் விடை எழுதிக் காட்டினால் ஒரு பதக்க வில்லையும், அதை அணிவதற்கு முன் ஓர் உறுதிமொழியும் உண்டு. கழிப்பறைக்கும் இப்போதே எல்லோரும் போய்வந்துவிடுங்கள். அன்று காலை ரேஞ்சர் யாரேனும் உரை நிகழ்த்துவதாக இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அரை மணி நேரம் கேட்டால், நாள் முழுவதும் நடந்து பார்ப்பதற்குத் தெளிவு பிறக்கும்.

மையத்துக்கு எதிரே, சாலையைக் கடந்தால், வெள்ளையடித்த சிறு கட்டடம் ஒன்று தெரியும். அதுதான் டங்கர் தேவாலயம். போர் செய்வதையே பாவமாகக் கருதிய ஜெர்மன் பாப்டிஸ்ட் சகோதரர் சபையினர், 1850களின் தொடக்கத்தில் கட்டிக்கொண்ட கோவில் இது. ஆடம்பரம் ஆகாது என்பதற்காக அதற்குக் கோபுரம்கூட வைக்கவில்லை. அந்தக் காலை நேரச் சண்டை முழுவதும் இந்தக் கட்டடத்தைக் குறிவைத்தே நகர்ந்தது. வடக்கிலிருந்து வந்த படைகளுக்குக் கண்ணுக்குத் தெரிந்த அடையாளம் இந்த வெள்ளைச் சுவர்தான். 1921இல் வீசிய புயலில் அது இடிந்து விழுந்தது. பழைய செங்கற்களிலும் மரங்களிலும் எஞ்சியவற்றைக் கொண்டு, போரின் நூற்றாண்டான 1962இல் மீண்டும் எழுப்பினர். உள்ளே சென்று அந்தச் சாதாரண மரப் பலகைகளில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். வெளியே வந்து வடக்கே பார்த்தால், சோளக்கொல்லை இருந்த திசை தெரியும். 24 ஏக்கர் கொண்ட அந்தக் கொல்லை விடிந்த சில மணி நேரத்துக்குள் பலமுறை கைமாறியது. அங்கும் நடைத்தடம் உண்டு. ஆனால் சிறுவர்களோடு ஒரே நாளில் அதையும் சேர்த்தால் பிற்பகலில் களைத்துவிடுவார்கள். அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிளடி லேன் தடம்: மெதுவாக நடக்க வேண்டிய இடம்

பார்வையாளர் மையத்தின் பின்புறமிருந்து தடம் கிழக்கு நோக்கி இறங்குகிறது. முதலில் வருவது மம்மா குடும்பத்தின் பண்ணை. வடக்குப் படையினர் மறைந்திருந்து சுடுவதற்கு அந்த வீடு பயன்படும் என்று அஞ்சிய தெற்குப் படையினர், போர் நாளன்று அதற்குத் தீ வைத்தனர். வீட்டார் முன்பே வெளியேறிவிட்டதால் உயிர்தப்பினர். அடுத்த ஆண்டே அதே இடத்தில் வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டனர். இன்று நாம் காண்பது அந்த 1863ஆம் ஆண்டு வீடு. அருகில் கற்சுவர் சூழ்ந்த குடும்பக் கல்லறையும் உள்ளது.

அடுத்து ரூலெட் பண்ணை. குழந்தைகள் கேட்டு மறக்காத கதை இங்கே இருக்கிறது. ரூலெட் குடும்பம் தேனீ வளர்த்து வந்தது. வடக்குப் படையைச் சேர்ந்த பென்சில்வேனியாவின் 132ஆம் படைப்பிரிவு இந்த முற்றத்தின் வழியாக முன்னேறிக்கொண்டிருந்தபோது, பீரங்கிக் குண்டு பட்டுத் தேனீப் பெட்டிகள் சிதறின. சீறிக் கிளம்பிய தேனீக்கள் வீரர்களை மொய்த்துக் கொட்டின. படையில் சேர்ந்து ஒரு மாதத்துக்குச் சற்று மேலே ஆகியிருந்த அந்தப் புதியவர்கள் வரிசை கலைந்து ஓடி, பிறகு தலைவர்களால் மீண்டும் ஒழுங்குபடுத்தப்பட்டனர். அந்தப் பெயரையும் எண்ணையும் பிள்ளைகளை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் வண்டிப்பாதையோரத்தில் 132ஆம் படைப்பிரிவின் நினைவுச்சின்னத்தை, கொடி ஏந்திய வீரரின் சிலையோடு, அவர்களே கண்டுபிடிப்பார்கள். இந்தப் பண்ணை நிலத்தில் போருக்குப் பின் புதைக்கப்பட்டோர் ஏறத்தாழ 700 பேர். இதைச் சொல்வதா வேண்டாமா என்பது பிள்ளையின் வயதைப் பொறுத்தது.

ரூலெட் பண்ணையிலிருந்து தடம் மெல்ல மேடேறுகிறது. இங்கே நின்று, எதிரே என்ன தெரிகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். புல் மூடிய மேடும் அதற்கு மேல் வானமும்தான் தெரியும். மேட்டுக்கு அப்பால் இருக்கும் வண்டிப்பாதை கண்ணுக்குப் புலப்படாது. பல ஆண்டுகளாகப் பாரவண்டிகள் ஓடி ஓடி, மழைநீர் அரித்து, சுற்றியுள்ள வயல்களைவிடத் தாழ்ந்து போன பாதை அது. டி. எச். ஹில் தலைமையிலான தெற்குப் படையினர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பள்ளத்தில் இறங்கி, வேலிக் கழிகளைக் கரையில் அடுக்கி, துப்பாக்கிகளை நீட்டிக்கொண்டு காத்திருந்தனர்.

இந்த இடத்தில் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். பெற்றோரில் ஒருவர் பிள்ளைகளோடு முன்னே சென்று, வண்டிப்பாதைக்குள் இறங்கி, மேட்டை நோக்கித் திரும்பி நிற்கட்டும். மற்றவர் மேட்டின் மறுபுறமே தங்கி, ஐந்து நிமிடம் கழித்து இயல்பான நடையில் தடத்தின் வழியே வரட்டும். பாதையில் நிற்கும் குழந்தைக்கு முதலில் எதுவும் தெரியாது. பிறகு புல்நுனிக்கு மேல் ஒரு தொப்பி தெரியும், நெற்றி தெரியும், தோள் தெரியும். முழு உருவமும் தெரியும்போது வருபவர் நூறு கஜத்துக்கும் குறைவான தொலைவில், பின்னால் வானம் மட்டுமே இருக்க, மறைவேதும் இல்லாமல் நின்றுகொண்டிருப்பார். வருபவருக்கோ, மேட்டின் உச்சியில் கால் வைக்கும் வரை பாதையில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. வடக்குப் படையின் வில்லியம் ஃபிரெஞ்சு தலைமையிலான பிரிவினர் வரிசை வரிசையாக இப்படித்தான் அந்த மேட்டின் மேல் வந்து நின்றனர். பத்து வயதுப் பிள்ளை இதைக் கண்ணால் கண்டால், எந்த விளக்கப் பலகையும் தர முடியாத தெளிவு அதற்குக் கிடைத்துவிடும். இதற்காகவே குடும்பத்தோடு இங்கே வரச் சொல்கிறேன்.

பின்னர் எல்லோரும் பாதைக்குள் இறங்கி, கிழக்குப் பக்கமாகக் கோபுரத்தை நோக்கி நடங்கள். இருபுறமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்காக அடுக்கிய மரக்கழி வேலிகள் இருக்கும். அவற்றில் ஏறக் கூடாது. நடக்கும்போதே பாதை வளைவதைக் கவனியுங்கள். முற்பகல் ஒன்பதரை மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கும் மேலாக இந்தப் பள்ளம் தெற்குப் படையினரைக் காத்தது. இறுதியில் வடக்குப் படையின் நியூயார்க் வீரர்கள், வளைவுக்கு அருகே, பாதையை நீளவாக்கில் பார்க்கக்கூடிய ஓரிடத்தைப் பிடித்துவிட்டனர். அதே நேரத்தில் தெற்குத் தரப்பில் ஓர் ஆணை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, ஒரு படைப்பிரிவு பின்வாங்க, மற்றவையும் பின்தொடர்ந்தன. காத்து நின்ற பள்ளமே பொறியாகிவிட்டது. எஞ்சியிருந்தவர்களுக்கு ஏறித் தப்ப வழி இருக்கவில்லை. இந்தச் சிறு பாதையிலும் அதைச் சுற்றிலும் மட்டும் இரு தரப்பிலும் ஏறத்தாழ 5,500 பேர் இழப்புக்குள்ளாயினர்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று: பாதையருகே உள்ள விளக்கப் பலகைகளில், போர் முடிந்த இரண்டாம் நாள் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுக்கத் தொடங்கிய புகைப்படங்களும் இடம்பெற்றுள்ளன. அமெரிக்க மண்ணில் போரில் இறந்தவர்களை அப்படியே காட்டிய முதல் புகைப்படங்கள் அவை. மென்மனம் கொண்ட குழந்தையானால், பெரியவர் ஒருவர் முன்னே சென்று பலகையைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

பாதையின் முடிவில் நிற்கும் கல் கோபுரம், 1890களில் இராணுவ அதிகாரிகளுக்கு இந்தப் போரைப் பாடமாக நடத்துவதற்கென்று போர்த்துறை கட்டியது. படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருக்கட்டும். மேலே ஏறியவர்கள் முதலில் பாதை முழுவதையும் அதன் நீளவாக்கில் பார்க்கட்டும். நியூயார்க் வீரர்கள் கண்ட காட்சி எப்படி இருந்திருக்கும் என்பது அப்போது விளங்கும். பிறகு வடக்கே திரும்பி, நடந்து வந்த மேட்டைத் தேடச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் அது ஏறக்குறையச் சமதளம் போலத் தோன்றும்.

கீழே, வாய்ப்புறம் மண்ணில் புதையும்படி தலைகீழாக நட்டுவைத்த பீரங்கிக் குழல்கள் தென்படும். இந்தப் போரில் இறந்த, அல்லது உயிர் போகும்படி காயமுற்ற படைத்தலைவர்கள் ஆறு பேர், தரப்புக்கு மூவர். அவர்கள் வீழ்ந்த இடங்களை அவை குறிக்கின்றன. போர்க்களம் முழுவதிலும் உள்ள ஆறில் எத்தனையைக் கண்டுபிடிக்க முடியும் என்று பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். இஸ்ரயேல் ரிச்சர்ட்சனுக்கும் ஜார்ஜ் ஆண்டர்சனுக்கும் உரியவை இந்தப் பகுதியிலேயே உள்ளன.

கோபுரத்திலிருந்து தடத்தின் வழியே பார்வையாளர் மையத்துக்குத் திரும்ப வேண்டும். சிறுவர்களோடு நின்று நின்று நடந்தால் மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். உணவை இப்போது முடித்துக்கொள்ளுங்கள். குப்பையை ஒரு பையில் கட்டிக் காரிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

பிற்பகல்: பர்ன்சைட் பாலம்

காரை எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் ஒன்பதாம் நிறுத்தமாகக் குறிக்கப்பட்ட இடத்துக்குச் செல்லுங்கள். நீங்கள் வண்டியை நிறுத்துவது ஓடைக்கு மேலே உள்ள குன்றின் முகட்டில், அதாவது தெற்குப் படையினர் நின்ற பக்கத்தில். கீழே இறங்கும் முன் முகட்டிலேயே நின்று பாலத்தைப் பாருங்கள். மூன்று வளைவுகள் கொண்ட, 1836இல் கட்டப்பட்ட, 125 அடி நீளமுள்ள கல்பாலம் அது. ஜார்ஜியா மாநில வீரர்கள் ஏறத்தாழ 500 பேர் இந்தச் சரிவில், மரங்களுக்கும் பாறைகளுக்கும் பின்னால் இருந்தபடி, வடக்குத் தளபதி ஆம்புரோஸ் பர்ன்சைடின் பல்லாயிரம் பேர் கொண்ட படையை ஏறத்தாழ மூன்று மணி நேரம் தடுத்து நிறுத்தினர். இங்கிருந்து பாலத்தின் மறுகரை எவ்வளவு அருகில், எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி நடந்தது என்பதில் ஐயம் இருக்காது.

பிறகு சரிவில் இறங்கி, பாலத்தைக் கடந்து, மறுகரையில் நின்று திரும்பி மேலே பாருங்கள். ஒரே இடத்தை இரு தரப்பின் கண்களாலும் காண்பதற்கு இந்தப் போர்க்களத்தில் இதைவிட எளிய இடமில்லை. பாலம் குறுகலானது, ஒரு வண்டி போகும் அகலமே இருக்கும். நாலைந்து பேர் கைகோத்து நின்றாலே அடைத்துக்கொள்ளும். அந்த அகலத்துக்குள் படை எப்படி ஓடியிருக்கும் என்று பிள்ளைகளே நின்று அளந்து பார்க்கட்டும். பிற்பகல் ஒரு மணி அளவில் நியூயார்க்கின் 51ஆம் படைப்பிரிவும் பென்சில்வேனியாவின் 51ஆம் படைப்பிரிவும் பாலத்தைக் கைப்பற்றின.

பாலத்தின் ஓரத்தில் பெரிய சிக்கமோர் மரம் ஒன்று நிற்கிறது. கார்ட்னர் 1862இல் எடுத்த புகைப்படத்தில் அது ஒல்லியான இளமரமாகத் தெரிகிறது. அந்தப் படத்தை முன்பே அலைபேசியில் சேமித்துவைத்துக்கொண்டு, மரத்தருகே நின்று பிள்ளைகளிடம் காட்டுங்கள். வேர்களை மிதிக்காமல் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். போர் நடந்த நாளில் இங்கே இருந்தவற்றில் இன்றும் உயிரோடு இருப்பவை மிகச் சில.

பாலத்தைக் கடந்த பின்னரும் வடக்குப் படை அணிவகுத்து முன்னேற இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியில், 17 மைல் தொலைவிலுள்ள ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து வேகமாக நடந்தே வந்த ஏ. பி. ஹில்லின் பிரிவு, நான்கு மணி அளவில் களத்துக்குள் நுழைந்து, ஷார்ப்ஸ்பர்க் ஊரின் விளிம்பு வரை வந்துவிட்ட வடக்குப் படையைத் திரும்ப ஓடைக்கே தள்ளியது. முந்தைய இரவு சொன்ன மெக்லெலனின் தயக்கத்தை இங்கே நினைவூட்டலாம். கையிருப்பில் இருந்த படைகளில் பெரும்பகுதியை அவர் அன்று களத்தில் இறக்கவேயில்லை. மறுநாள் இரவு லீயின் படை ஆற்றைக் கடந்து வர்ஜீனியாவுக்குத் திரும்பிவிட்டது.

வெயில் கடுமையாக இருந்தாலோ, பிள்ளைகள் சலித்துப் போனாலோ, கார் நிறுத்தத்தருகே தொடங்கி அங்கேயே வந்து முடியும் ஸ்னேவ்லி ஃபோர்டு தடம் கைகொடுக்கும். பெரும்பகுதியும் மரநிழல், ஒருபுறம் ஓடை. கடைசியில் மட்டும் ஓர் ஏற்றம் உண்டு. பாலத்தை நேரே தாக்குவதோடு கூடவே, கீழ்ப்போக்கில் ஆழம் குறைந்த இடத்தைத் தேடிச் சென்ற ஐசக் ராட்மனின் பிரிவு ஓடையைக் கடந்தது இங்குதான். வரலாறு போதும், இனி சற்று விளையாடட்டும் என்று தோன்றினால் அதற்கு ஏற்ற இடமும் இதுவே. ஓடையோரம் வழுக்கும் என்பதால் சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு

"யார் ஜெயித்தார்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். களத்தில் எந்தத் தரப்பும் மற்றதை முழுமையாக வீழ்த்தவில்லை. ஆனால் லீ பின்வாங்கியதால் வடக்கு இதைத் தன் வெற்றியாகக் கொண்டது. அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தை எழுதி வைத்துக்கொண்டு, அதை வெளியிட ஒரு வெற்றிக்காகக் காத்திருந்த ஆபிரகாம் லிங்கன், போர் முடிந்த ஐந்தாம் நாளான செப்டம்பர் 22 அன்று அதன் முன்னறிவிப்பை வெளியிட்டார். 1863 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதே வேளையில், பிரகடனம் பிரிந்து போன மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தியது என்பதையும், ஒன்றியத்தோடு நின்ற மேரிலாந்தில், அதாவது இந்தப் போர்க்களம் இருக்கும் இதே மாநிலத்தில், 1864 நவம்பரில் புதிய அரசமைப்புச் சட்டம் வந்த பிறகே அடிமை முறை ஒழிந்தது என்பதையும் பெரிய பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வீரத்தை மட்டும் சொல்லிக் காரணத்தை விட்டுவிட்டால் இந்த இடத்தைப் பாதிதான் காட்டியவர்களாவோம்.

காயமுற்றோரைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்குக் கிளாரா பார்ட்டனைச் சொல்லுங்கள். மருந்தும் கட்டுத்துணியும் ஏற்றிய வண்டியோடு களத்துக்கு வந்து அவர் பணிசெய்துகொண்டிருந்தபோது, ஒரு குண்டு அவரது சட்டைக் கையைத் துளைத்துச் சென்று, அவர் தாங்கிப் பிடித்திருந்த வீரரைக் கொன்றது. 1881இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர் அவரே. போர்க்களத்தின் வடபகுதியில் அவருக்கு நினைவுக்கல் உள்ளது. அவர் பிறந்த வீட்டின் புகைபோக்கிச் செங்கல்லால் ஆன சிலுவை அதில் பதிக்கப்பட்டுள்ளது.

நடக்கும்போது காக்க வேண்டிய முறைகள்

பீரங்கிகளின் மீதும் நினைவுத்தூண்களின் மீதும் ஏறக் கூடாது. பொம்மைத் துப்பாக்கிகளை வீட்டிலேயே விட்டுவருவது நாகரிகம். தடத்தை விட்டு விலகி வயல்களுக்குள் இறங்காதீர்கள், பல வயல்களில் இன்றும் பயிர்த்தொழில் நடக்கிறது. மழைக்குப் பின் பழைய ஈயக்குண்டோ பொத்தானோ கண்ணில் பட்டால் அதை எடுக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு ரேஞ்சரிடம் சொல்ல வேண்டும். எடுத்துச் செல்வதும், உலோகங்காட்டும் கருவியைப் பயன்படுத்துவதும் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். ஆளில்லாப் பறக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை.

நாளை முடிக்கும் முன் ஷார்ப்ஸ்பர்க் ஊரின் கிழக்கு எல்லையிலுள்ள தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கலாம். உள்நாட்டுப் போரில் இறந்த வடக்கு வீரர்கள் 4,776 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். எண் மட்டும் பொறித்த சிறு கற்கள் பெயர் தெரியாதவர்களுடையவை. தெற்கு வீரர்களின் உடல்கள் ஹேகர்ஸ்டவுன், ஃபிரெடரிக், ஷெப்பர்ட்ஸ்டவுன் ஆகிய ஊர்களின் கல்லறைகளில் உள்ளன. தோட்டத்துக்குள் உண்பதும் ஓடி விளையாடுவதும் முறையல்ல. பிள்ளைகள் களைத்திருந்தால் இதை விட்டுவிட்டு, மையம் மூடுவதற்குள் ஜூனியர் ரேஞ்சர் நூலைக் காட்டி வில்லையைப் பெற்றுக்கொள்வதே மேல்.

காரில் ஏறும் முன் ஒருவர் மற்றவரின் உடையை முன்னும் பின்னுமாகப் பார்த்து, உண்ணி இருந்தால் தட்டிவிடுங்கள். வீடு திரும்பிய இரண்டு மணி நேரத்துக்குள் எல்லோரும் குளித்து, காதுக்குப் பின்புறம், தலைமுடியின் அடிப்பகுதி, அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்மடிப்பு ஆகிய இடங்களை நன்றாகப் பார்க்க வேண்டும். கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியை, தோலுக்கு மிக அருகில் இடுக்கியால் பற்றி, முறுக்காமல் நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். பிறகு அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோ, பரவிக்கொண்டே போகும் சிவந்த தடிப்போ தெரிந்தால் அந்தத் தேதியோடு மருத்துவரைப் பாருங்கள்.